பழைய ஆம்ப்ளிஃபயரை மேம்படுத்தலாமா, விட்டுவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது டிரான்சிஸ்டர் அல்லது ஐசி வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி மட்டும். 1970களிலிருந்து 1990கள் வரை வந்தவை, சேனலுக்கு 20 முதல் 100 வாட் வரை கொடுப்பவை. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் வந்த ஜப்பான் செட், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த 2என்3055 டிரான்சிஸ்டர் செட், பவர் ஆம்பை ஒரே ஐசியில் அடக்கிய எஸ்டிகே போட்ட செட் என்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். வால்வ் ஆம்ப் தனிக் கதை. அதில் உள்ளே ஓடும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். கீழே சொல்லும் சோதனைகளை அதில் செய்ய வேண்டாம்.

செட் நன்றாகத்தான் பாடுகிறது. வயது 30 ஆகிவிட்டது என்பதற்காக எதையாவது மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். "மேம்படுத்த வேண்டும்" என்று வரும் செட்டுகளில் பாதிக்கு மேல் உண்மையில் பழுது பார்க்க வேண்டிய செட்டுகள்தான். பேஸ் இளைத்திருக்கும், ஒரு சேனல் விட்டுவிட்டு வரும், அடியில் ஓர் உறுமல் இருக்கும். அவை டிசைனின் குறைகள் அல்ல, தேய்மானம். தேய்ந்ததை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் திருப்தி இல்லையென்றால் மேம்படுத்துவது பற்றி யோசிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், எது எதனால் மாறியது என்று கடைசிவரை தெரியாது.

எந்த ஆம்ப் செலவுக்குத் தகுதியானது, எது இல்லை?

டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட் சிங்க்கையும் பாருங்கள். இன்று புதிதாகச் செய்யப் போனால் பணம் விழுங்குவது இவை இரண்டும், பிறகு கேபினெட்டும். கண்டென்சர், டிரான்சிஸ்டர், ரிலே எல்லாம் அவற்றோடு பார்த்தால் சில்லறைச் செலவு. கனமான டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல அலுமினிய ஹீட் சிங்க்கும் இருந்தால் போர்டு கருகியிருந்தாலும் செட்டுக்கு உயிர் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரே சின்னதாக இருந்தால் எதை மாற்றினாலும் வாட் ஏறாது.

கணக்கு இப்படி. 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வையுங்கள். 24-ஐ 1.414-ஆல் பெருக்கி, டயோடுக்கு ஒரு வோல்ட் கழித்தால் பிளஸ் மைனஸ் 33 வோல்ட். சுமை ஏறும்போது அது கொஞ்சம் தொய்யும், அவுட்புட் டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் போகும். ஸ்பீக்கருக்கு உச்சமாக 29 வோல்ட் கிடைக்கும். 29-ஐ 29-ஆல் பெருக்கி, 16-ஆல் வகுத்தால் 8 ஓமில் சுமார் 52 வாட். முன்பக்கத்தில் "1000 வாட் பிஎம்பிஓ" என்று விளம்பர ஸ்டிக்கர் இருந்தாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் தரப்போவது இதுதான்.

ஆகவே ஒரு பழைய செட்டில் வாட்டைக் கூட்ட வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் மாற வேண்டும். அது மாறினால் கண்டென்சர், டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க் என்று வரிசையாக எல்லாம் மாறும். அந்த நிலை வந்தால் வேறு ஆம்ப் வாங்குவது மலிவு.

50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சத்தம் இருமடங்கு ஆகாதா?

ஆகாது. வாட் இருமடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவே. இருமடங்கு சத்தமாகத் தோன்றக் கிட்டத்தட்ட 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதே 3 டெசிபெல் கிடைத்துவிடும். அதற்கு ஆம்பைத் தொடவே வேண்டியதில்லை.

அப்படியானால் எனக்கு எத்தனை வாட் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கால் மணி நேர வேலை. கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை 0.25 அளவில் உருவாக்கிச் சேமியுங்கள். உச்ச அளவுக்கு இது 12 டெசிபெல் கீழே. பிறகு நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாட்டை, எந்தக் கருவியில் கேட்பீர்களோ அதிலேயே போட்டு, "இதற்கு மேல் நான் வைக்கவே மாட்டேன்" என்கிற இடம்வரை வால்யூமை ஏற்றுங்கள். வால்யூம் குமிழை அங்கேயே விட்டு, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். மீண்டும் போட்டு அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள்.

2.1 வோல்ட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 12 டெசிபெல் இறக்கியதால் நான்கால் பெருக்க வேண்டும்: 8.4 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கினால் 70.6, 8 ஓமால் வகுத்தால் சுமார் 9 வாட். பாட்டின் உச்சத்தில்கூட நீங்கள் கேட்பது அவ்வளவுதான். உங்கள் செட் 40 வாட் என்றால் நான்கு மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பலருக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் வாங்கும் ஆசை போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துக் கேட்பவர்களுக்குக் கணக்கு வேறு. 10 டெசிபெல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்குப் பத்து மடங்கு வாட் போகும். 40 வாட் செட் அங்கேதான் மூச்சு முட்டி உடைந்த சத்தம் போடும். முறிந்த அலைகள் ட்வீட்டரைச் சுட்டுவிடும். அப்படிப்பட்டவர்கள் வாங்க வேண்டியது சப்வூஃபர். பெரிய ஆம்ப் அவர்கள் பிரச்சினையைத் தீர்க்காது.

மூடியைத் திறந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

பிளக்கைப் பிடுங்குங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகும் பெரிய கண்டென்சர்களில் சார்ஜ் நிற்கலாம். 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கிலும் பத்து விநாடி பிடியுங்கள். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் கை வைக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பழைய மெக்கானிக் பழக்கம். பொறி பறக்கும், முனை உருகும், சில நேரம் போர்டின் செம்புப் பாதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் பூச்சிகளைத் தேடுங்கள். காற்றுத் துளை வழியாக வந்த பல்லி, மெயின்ஸ் முனைகளுக்கு நடுவே காய்ந்து சருகாக ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். கரப்பான் எச்சம் செம்புப் பாதையை அரிக்கும். பெயின்ட் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும், தண்ணீர் வேண்டாம்.

ஜப்பான் செட்டில் கண்டென்சர்களின் அடியில் பூசிய பசையைப் பாருங்கள். புதிதில் வெளிர்மஞ்சளாக இருந்தது இப்போது காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகியிருந்தால் ஆபத்து. பழுப்பானபின் அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், பக்கத்தில் இருக்கும் கம்பிக் கால்களையும் தின்றுவிடும். காரணம் தெரியாத கரகரப்புக்கு இதுவே மூலமாக இருக்கும். மரக்குச்சியைச் சீவிச் சுரண்டி எடுங்கள்.

உச்சி உப்பிய கண்டென்சர், கருகிய ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் காலைச் சுற்றி வளையமாக விரிசல் விட்ட ஈயம் ஆகியவை அடுத்தது. சூடாகும் பாகங்களின் கால்களில்தான் ட்ரை சோல்டர் வரும். எல்லாக் கால்களிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தால் புதிதாகப் பற்றவைப்பது அரைநாள் வேலை, ஆனால் ஒரு பைசா பாகம் வாங்காமல் பாதிச் செட்டுகள் இதிலேயே எழுந்துவிடும். பவர் சுவிட்சின் குறுக்கே இருக்கும் சின்னக் கண்டென்சரில் வெடிப்பு தெரிந்தால் எக்ஸ்2 என்று அச்சிட்டதை மட்டும் போடுங்கள். சாதாரணக் கண்டென்சர் அந்த இடத்தில் தீப்பிடிக்கலாம்.

பல வருடம் பரணில் கிடந்த செட். நேராக பிளக்கில் சொருகலாமா?

கூடாது. 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை சூடாகும்போது தடை ஏறுவதுதான் இங்கே பாதுகாப்பு. பல்ப் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்தால் உடனே அணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்க ஒயர்கள் அத்தனையையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பல்ப் முழுதாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரிலேயே சுற்று ஷார்ட். ரீவைண்டிங் செய்யும் கடையில் பழையதை எடைக்கு எடை காட்டிச் சுற்றித் தரச் சொல்லலாம்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸ்தான். ஒயர் துண்டு சுற்றியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் அந்தச் செட்டில் முன்பு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

மீட்டரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

இரண்டு. ஒன்று, ஸ்பீக்கர் முனையில் டிசி. ஸ்பீக்கரைக் கழற்றி, பாட்டு எதுவும் போடாமல், பத்து நிமிடம் சூடானபின் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். 30, 35 வோல்ட் என்று வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டினால் 200 வாட் நேராகச் சுருளில் இறங்கிச் சில விநாடியில் புகை வரும்.

இரண்டு, பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் கரண்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர்களோடு சேர்ந்த வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 0.22 ஓம் இருக்கும். அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் வந்தால் 45 மில்லிஆம்பியர் ஓடுகிறது. சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. மேனுவல் இல்லையென்றால் 5-க்கும் 20 மில்லிவோல்ட்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருந்தால் சும்மா விடுங்கள். பூஜ்யம் என்றால் மெல்லிய ஒலிகள் சொரசொரப்பாக வரும். 40, 50 என்று ஏறிக்கொண்டே போனால் ஹீட் சிங்க் கொதிக்கும்.

மீட்டர் முனையைக் கையால் பிடித்து அழுத்தாதீர்கள். செட் அணைந்திருக்கும்போது கிளிப் மாட்டிவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். முனை ஒரு மில்லிமீட்டர் வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் நான்கு டிரான்சிஸ்டரும் ஒன்றாகப் போகும். பயஸை ஏற்றி இறக்கும் பிரீசெட் (சின்னத் திருகு ரெசிஸ்டர்) பழைய கார்பன் வகை என்றால் அதை மாற்றிவிடுங்கள். அதன் நடுமுனை தொடர்பு விட்டால் சில சர்க்யூட்டுகளில் பயஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். சிலவற்றில் உச்சத்துக்கு எகிறிவிடும். உங்களுடையது எந்த வகை என்று தீப்பிடித்தபின் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஃபில்டர் கண்டென்சரை மாற்றலாமா? பெரிதாகப் போட்டால் பேஸ் கூடுமா?

வயதானால் மாற்றலாம். பெரிதாகப் போடுவதில் ஆதாயம் குறைவு. 10,000 மைக்ரோஃபாரட்டில் 3 ஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் 3 வோல்ட் ஏறி இறங்கும். அதை 15,000 ஆக்கினால் 2 வோல்ட். 33 வோல்ட்டில் ஒரு வோல்ட் மிச்சம், காதுக்குத் தெரியாது. 40,000 என்று போனால் சுவிட்ச் போடும் நொடியில் பாயும் கரண்ட்டில் பிரிட்ஜ் டயோடும் சுவிட்ச் முனையும் அடிபடும். ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதீர்கள்.

பழையது கெட்டதா என்று தெரிய, செட் சும்மா ஓடும்போது ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கிலும் ஏசி வோல்ட் பாருங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பல மடங்கு காட்டினால் அது காய்ந்துவிட்டது. மலிவு மீட்டர் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் காட்டும் என்பதால் 0.47 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரைச் சீரிஸில் வைத்து அளந்து பாருங்கள்.

வாங்கும்போது: பிளஸ் மைனஸ் 33 வோல்ட்டுக்கு 50 வோல்ட், வேண்டுமானால் 63. 35 வோல்ட் கூடவே கூடாது. இரவில் லைன் வோல்ட் ஏறினால் தாங்காது. 105 டிகிரி என்று அச்சிட்டதை எடுங்கள், ஏனென்றால் பத்து டிகிரி சூடு குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். விட்டம், உயரம், கால்களின் இடைவெளி மூன்றையும் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பொருத்தும்போது அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. மைனஸ் லைனில் இருக்கும் கண்டென்சருக்கு பிளஸ் கால்தான் கிரவுண்டில் போகும். "கிரவுண்ட் என்றால் மைனஸ்" என்கிற பழக்கத்தில் இரண்டையும் ஒரே மாதிரி வைத்தால் ஒன்று வெடிக்கும். பழையதைக் கழற்றும் முன் ஃபோட்டோ எடுங்கள்.

பெரிய கண்டென்சரைவிட அதிகம் கவனிக்க வேண்டியது சின்னவற்றை. ஃபீட்பேக் பாதையிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காய்ந்து பத்தில் ஒரு பங்காகிவிட்டால், 3 ஹெர்ட்ஸில் இருந்த தாழ்ந்த ஒலியின் எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். "முன்பெல்லாம் பேஸ் நன்றாக இருந்தது" என்று சொல்லப்படும் செட்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் நிற்பவைதான் முதலில் காயும்.

உறுமல் சத்தம் வருகிறது. கண்டென்சர்தானே?

இன்புட்டில் எதையும் சொருகாமல், ஆர்சிஏ பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் ஒயரால் சேர்த்து மாட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் ஆம்ப் குற்றவாளி அல்ல. கேபிளோ, டிவியோடும் கம்ப்யூட்டரோடும் சேர்ந்த எர்த் சுழலோ காரணம். நிற்காமல், வால்யூமைக் குறைத்தாலும் அதே அளவில் இருந்தால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். எர்த் பின்னை வெட்டி உறுமலைத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

ஒரு சேனல் வருவதில்லை. வால்யூமை ஏற்றினால் "டக்" என்று வந்துவிடுகிறது.

ஸ்பீக்கர் ரிலே. முனைகளில் படிந்த படலத்தைச் சின்ன சிக்னல் தாண்ட முடியாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போகும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் ஒரு மாதம் பாடும், மேல்பூச்சு போய்ப் பிறகு இன்னும் மோசமாகும். அதே காயில் வோல்ட், பெரும்பாலும் 24, கொண்ட மூடிய ரிலே ஒன்றைப் போடுங்கள்.

வால்யூம் குமிழின் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை திருப்புங்கள். அடித்தும் போகவில்லை என்றால் குமிழுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கண்டென்சர் டிசியைக் கசியவிடுகிறது.

2என்3055-ஐ எடுத்துவிட்டு 2எஸ்சி5200 போட்டால் சத்தம் தெளிவாகும் என்கிறார்களே?

இதில்தான் அதிகம் செட்டுகள் சாகின்றன. 2என்3055 மெதுவான டிரான்சிஸ்டர். சாதாரண வகையின் வேகம் 2.5 மெகாஹெர்ட்ஸ், மிகப் பழையவை அதற்கும் கீழே. 2எஸ்சி5200 30 மெகாஹெர்ட்ஸ். மெதுவானதை மனத்தில் வைத்து வரைந்த சர்க்யூட்டில் வேகமானதைப் போட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் அது தானாகவே ஆடத் தொடங்கும். பாட்டு இல்லாமலே ஹீட் சிங்க் சுடும், அவுட்புட்டில் உள்ள 10 ஓம் ரெசிஸ்டர் கருகும். அந்தக் கருகல்தான் அடையாளம்.

நியாயமான மாற்று எம்ஜே15003. அதே டிஓ-3 உலோகக் கூடு, 140 வோல்ட், 20 ஆம்பியர், வேகமும் 3055-க்குப் பக்கத்திலேயே. 2என்3055-இன் எல்லை 60 வோல்ட்தான். பிளஸ் மைனஸ் 33 வோல்ட் செட்டில் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது 66. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் செட்டுகள் விளிம்பில் ஓடுகின்றன, எனவே இந்த மாற்றம் உண்மையிலேயே பயனுள்ளது. நான்கும் 3055 என்றால் நான்குக்கும் எம்ஜே15003. இரண்டு 3055, அதன் எதிர்வகையான (பிஎன்பி) எம்ஜே2955 இரண்டு என்றால் பின்னவற்றுக்கு எம்ஜே15004. தெளிவு கூடுமா என்றால், கூடாது. சாகாமல் இருக்கும்.

புதிய மைக்கா ஷீட், இருபக்கமும் மெல்லிய படலமாக வெள்ளை ஹீட் சிங்க் பேஸ்ட். மாட்டியதும் டிரான்சிஸ்டர் கூட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்தபிறகே கரண்ட்.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்ஈ மீட்டர் ஏமாற்றும். சின்னச் சில்லு வைத்த டூப்ளிகேட்டும் அதில் நன்றாகவே காட்டும், ஸ்பீக்கரை மாட்டி வால்யூம் ஏற்றும்போதுதான் போகும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் எழுத்தைத் துடைத்துப் பாருங்கள், கரைந்தால் சந்தேகம். நம்பிக்கையான வழி ஒன்றுதான்: தேவைக்கு ஒன்று கூடுதலாக வாங்கி, டிஓ-3 தலையை ரம்பத்தால் அறுத்து, செட்டில் செத்துப்போன பழைய ஒரிஜினலையும் அறுத்து, இரண்டின் சில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சுண்டுவிரல் நகத்தில் பாதி, மற்றது எள் அளவு என்றால் மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் வாங்கினால் இந்த ரம்ப வேலை வேண்டாம்.

எஸ்டிகே ஐசி போய்விட்டது. புதிது கிடைக்குமா?

கடையில் கேட்டால் கிடைக்கும், ஒரிஜினல் கிடைப்பது அபூர்வம். எஸ்டிகே வரிசை சான்யோவுடையது. அதன் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. பழைய ஸ்டாக் தீர்ந்து, இப்போது அதே பெயரில் வருபவை பெரும்பாலும் நகல்கள். 50 வாட் எஸ்டிகே4191 இருந்த இடத்தில் நகலைப் போட்டால் சப்ளை வோல்ட்டைத் தாங்காமல் முதல் வாரமே போகலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தால் அந்த போர்டை எடுத்துவிட்டு எல்எம்3886 அல்லது டிடிஏ7294 பவர் ஐசி போர்டு, சேனலுக்கு ஒன்றாக இரண்டு வைப்பது புத்திசாலித்தனம். சப்ளையை அளந்துகொண்டு வாங்குங்கள். டிடிஏ7294-க்கு 8 ஓம் ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் 35 வோல்ட் வசதியான இடம். இதுதான் நாங்கள் மனதாரப் பரிந்துரைக்கும் ஒரே "பெரிய" மாற்றம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கிளாஸ் டி போர்டு வைத்தால்?

டிரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓட்டும் வகை அது. நல்ல சத்தம், சூடும் குறைவு. ஆனால் பழைய பெட்டிக்குள் வைப்பதில் இரண்டு பொறிகள். டிபிஏ3255 போன்ற சில்லின் சப்ளை எல்லை 53.5 வோல்ட், 24-0-24-இன் இரு ஓரங்களையும் சேர்த்து டிசியாக்கினால் 67 வோல்ட் வந்து சில்லு முதல் நொடியிலேயே போகும். அடுத்தது, இந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. பழைய செட்டின் ஹெட்ஃபோன் சாக்கெட்டும் ஏ-பி ஸ்பீக்கர் சுவிட்சும் இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துக் கிரவுண்டில் வைத்திருக்கும். அவற்றைத் துண்டிக்காமல் இணைத்தால் ஷார்ட். தனிப் பெட்டியில், தனி எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையோடு வைப்பதே மேல்.

டோன் போர்டில் இருக்கும் 4558 ஆப்-ஆம்ப் ஐசிக்குப் பதில் என்இ5532 போடலாமா?

செய்யலாம், கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம். கரண்ட் சுமார் இருமடங்கு இழுக்கும் என்பதால் ஜீனர் வைத்த சப்ளை தொய்கிறதா என்று பாருங்கள். ஐசியின் சப்ளை கால்களுக்கு நெருக்கமாக 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள்.

புதிய டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) மாட்டினால் வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டியதும் காது கிழிகிறது. ஆம்பில் கோளாறா?

இல்லை, அளவுப் பொருத்தம் இல்லை. இன்றைய டாக்கும் சிடி பிளேயரும் 2 வோல்ட் தரும். பழைய ஜப்பான் செட்டின் ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட்டே போதும். 1975-இல் வந்த குவாட் 405 பவர் ஆம்புக்கு அரை வோல்ட்டில் 100 வாட் முழுதாக வந்துவிடும். குமிழின் அடிப்பகுதியில் இடதும் வலதும் சமமாகவும் இருக்காது. கேபிளின் ஆம்ப் பக்கத்தில், சேனலுக்கு 10 கிலோஓம் சீரிஸில், 1 கிலோஓம் கிரவுண்டுக்கு வையுங்கள். ஆக்ஸுக்கு அது போதும். குவாட் 405-க்கு 1-க்குப் பதில் 3.3 கிலோஓம். "மேம்படுத்தியது போல" இருக்கும் மாற்றங்களில் இதைவிட மலிவானது இல்லை: நான்கு ரெசிஸ்டர்.

4 ஓம் ஸ்பீக்கர் மாட்டலாமா?

பின்பக்கம் 4 என்று அச்சிட்டிருந்தால் மாட்டலாம். 8 மட்டும் இருந்தால் கரண்ட் இருமடங்கு, சூடும் அதற்கேற்ப. ஏ, பி இரண்டு ஜோடியையும் ஒன்றாக ஓட்டினால் 8 ஓமும் 4 ஆகிவிடும். ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். ஐந்து மீட்டருக்குப் போகவர 0.12 ஓம்தான்.

செட் ஜப்பானில் வாங்கியது, 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது.

பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 230-100 ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். செட் 300 வாட் இழுக்கும் என்றால் 500 விஏ. 110-இல் ஓட்டிச் சமாளிக்காதீர்கள், உள்ளே எல்லா வோல்ட்டும் பத்து சதவீதம் ஏறும். அமெரிக்க செட் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்தது என்றால் நம் 50-இல் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். செலக்டரில் 220, 240 இரண்டும் இருந்தால் 240-இல் வையுங்கள்.

வேலை முடிந்தது. முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

ஒரே மாதிரியான இன்னொரு ஆம்ப் இருந்தால் ஒப்பிடலாம். அதே 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, இரண்டின் ஸ்பீக்கர் முனையிலும் 2.00, 2.02 என்கிற அளவுக்கு வோல்ட்டைச் சமமாக்கிய பிறகு கேளுங்கள். அரை டெசிபெல் கூடுதலாக இருப்பது காதுக்குச் "சத்தமாக" இருக்காது, "தெளிவாக" இருக்கும். கடைகளில் நடக்கும் பாதி ஒப்பீடுகள் இந்தத் தந்திரத்தில்தான் ஜெயிக்கின்றன.

எப்போது கைவிட வேண்டும்?

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, அதே அளவு சுற்றித்தர ஆள் இல்லாதபோது. போர்டு கருகிச் செம்புப் பாதை கையோடு வரும்போது. 1960, 70களின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் செட்டாக இருந்து, அவுட்புட் போயிருந்தால். அப்போதும் பெட்டி, ஹீட் சிங்க், குமிழ்கள், நல்ல சாக்கெட்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை மின்கழிவில் போடுங்கள்.

செட்டின் மேல் அழகாக ஒரு விரிப்புப் போடலாமா? ஸ்டெபிலைசரை மேலே வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். மேலே பத்து சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். பல்லி வராமல் இருக்கத் துளைகளின் மேல் சன்னக் கம்பி வலை ஒட்டலாம். கொசுவலைத் துணி காற்றை அடைத்துவிடும், தூசியும் அதில்தான் பிடிக்கும்.